மேற்சரிவின் கடன்

சமவெளியில் வாழ்பவனுக்கு அயலவன் வேலிக்கு அப்பால் இருப்பவன். மலைநாட்டில் வாழ்பவனுக்கோ அயலவன் காலுக்குக் கீழே இருப்பவன். மேட்டில் பெய்த மழை பள்ளத்தை நாடுவது எவ்வாறு தவிர்க்கவியலாததோ, அவ்வாறே மேட்டில் வாழ்வோர் செய்தனவும் செய்யத் தவறியனவும் பள்ளத்தில் வாழ்வோரின் முற்றத்தை வந்தடைவதும் தவிர்க்கவியலாததாகும். எல்லைக்கல்லையும் பாதை உரிமையையும் நுணுகி நுணுகி ஆராயும் நம் வழக்காறு, மேலிருப்போருக்கும் கீழிருப்போருக்கும் இடையிலான இவ்வுறவைப் பற்றி மிகுதியாகப் பேசியதில்லை. எனினும், சரிவில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் தமக்குக் கீழே குடியிருப்போருக்குக் கடன்பட்டவர் என்பதும், உலகச் சுற்றாடல் நாளில் மரக்கன்று ஒன்றை நட்டுப் படம் பிடித்துக்கொள்வதால் அக்கடன் தீர்ந்துவிடாது என்பதும், அது நாள்தோறும் சிறுகச் சிறுகத் தீர்க்கப்படவேண்டியது என்பதும் எமது துணிபு.

கண்டிக்கு வடகிழக்கே, பாத்ததும்பறைப் பிரதேசத்தில், மாத்தளை இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த வத்தேகம இதற்குத் தக்க சான்றாகும். சுற்றிலும் மிளகும் கராம்பும் சாதிக்காயும் செறிந்த கிராமத்து வீட்டுத்தோட்டங்கள். பன்வில, மடுல்கலை, எல்கடுவ என்று நீளும் தேயிலை மலைகள். அவற்றுக்கும் மேலே நக்கிள்ஸ் மலைத்தொடர். அத்தொடரில் ஊற்றெடுக்கும் ஹுலு கங்கை விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சென்று சேர்கிறது. 1976இல் திறக்கப்பட்ட பொல்கொல்லை அணைக்கட்டோ, மகாவலி நீரின் ஒரு பங்கை மலையைக் குடைந்த சுரங்கவழியே உக்குவளைக்குத் திருப்பி, சுது கங்கையில் சேர்த்து, வறண்ட வடமத்திய நிலத்தின் குளங்களுக்கும் வயல்களுக்கும் அனுப்புகிறது. ஆகவே கண்டி மலைகளில் வாழ்வோரின் கீழ்ச்சரிவு அயலவர் அடுத்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடுகளில், இருப்போர் மாத்திரம் அல்லர். அவ்வறண்ட நிலத்தில் கலாவெவ நீரை நம்பி விதைக்கும் உழவரும் அவ்வரிசையில் நிற்கின்றனர். பொல்கொல்லைத் தேக்கம் திறக்கப்பட்ட பின்னர் மண் படிந்து அதன் கொள்ளளவு பெரிதும் குறைந்தமை பொறியியலாளர் நன்கறிந்த செய்தி. அம்மண் எவருடைய மலையிலிருந்தோ இறங்கிய மண்தான்.

இம்மலைகளின் வரலாறு, முற்பட்டோர் செய்ததன் பயனைப் பிற்பட்டோர் நுகரும் வரலாறாகவே இருந்துவந்திருக்கிறது. கோப்பிக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காடு அழிந்தது; 1869இல் தோன்றிய இலைநோய் அக்கோப்பியை அழித்தது; வெறுமையான சரிவுகளில் தேயிலை ஏறியது. தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹுக்கரின் அறிவுரைக்கு இணங்க, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தோட்டங்களுக்கு விற்பதை 1873இல் குடியேற்ற அரசு நிறுத்தியது. ஆதாயம் ஒன்றையே கண்ணாகக் கொண்ட ஓர் ஆட்சியும் மலையுச்சியைத் தொடலாகாது என்று உணர்ந்த தருணம் அது. அதன் வழியில் நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டில் பேணற்காடாக அறிவிக்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலை வனம், ஹோர்ட்டன் சமவெளி ஆகியவற்றோடு மத்திய மலைநாடு என்னும் பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. உச்சிக்குச் சட்டம் காவல் நிற்கிறது. அடிவாரத்து அணைகளுக்குப் பொறியியலாளர் காவல் நிற்கின்றனர். இரண்டுக்கும் இடைப்பட்ட சரிவில்தான் மக்கள் வாழ்கின்றனர். அவ்விடைச்சரிவுக்குக் காவலர் அங்கு வாழ்வோரையன்றி எவரும் இலர்.

காவல் தவறினால் நேர்வது யாதென்பதை நாம் ஏட்டிற் படித்து அறியவேண்டிய நிலையில் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இந்நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. மாவட்டங்களுள் கண்டியே மிகுதியான உயிர்களை இழந்தது. அம்மழையின் பெருக்கில் மரம் அடர்ந்த சரிவுகளும் இடிந்து விழுந்தன என்பதையும், மனிதர் குறையொன்றுமின்றி நடந்திருப்பினும் பேரிழப்பு நேர்ந்தேயிருக்கும் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும். துயருற்றோரைப் பார்த்து ‘உம் செயலின் பயன் இது’ என்று சுட்டுவது அறமன்று; உண்மையுமன்று. ஆயினும், இயற்கையின் பங்கு இவ்வளவு பெரிதாயிற்றே என்று காட்டி மனிதரின் பங்கை மறைப்பதும் அறமாகாது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுள் புதைந்தபோது, அவ்விடம் வாழ்வதற்கு ஏற்றதன்று என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததை நாடு அறிந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. குடும்பங்கள் லயத்தில் இருந்தன. இவ்விரண்டையும் இணைத்திருக்கவேண்டிய கைகள் பல. அவற்றுள் ஒன்றும் நீளவில்லை.

அரசும் தோட்ட முகாமையும் செய்யத்தக்கவற்றை அவற்றினிடம் கேட்பதை நாம் ஒருபோதும் நிறுத்தப்போவதில்லை. எனினும், தனியொருவர் செய்யத்தக்கதும் ஒரு லயத்தார் கூடிச் செய்யத்தக்கதும் யாவை என்பதை இன்று சற்று அண்மையில் நின்று நோக்க விரும்புகிறோம்.

முதலில் கான். தேயிலை மலையைக் குறுக்கறுத்து, மெல்லிய சாய்வில் செல்லும் அந்நீர்வழியை வெட்டிப் பழகிய கைகள் நம் மக்களுடையவை. இடைக்கிடையே மண் தங்குவதற்குப் பள்ளமும் நீரின் விரைவைத் தணிப்பதற்குத் திட்டும் விட்டு வெட்டப்பட்ட கான், மழை நீரைத் தேக்கித் தேக்கி ஆற்றுப்படுத்துகிறது. பள்ளத்தில் தங்கிய மண்ணை அள்ளிக் கானுக்கு மேற்பக்கத்துத் தேயிலைத் தூர்களில் போடுவது பழைய தொழிலாளர் அறிந்த முறை. அக்கானில் ஒரு லஞ்ச் ஷீட் வந்து விழுகிறது என்று கொள்வோம். சோறு கட்டிய அந்த மெல்லிய தாள் ஒரு வேரில் சிக்குகிறது. சருகு அதன்மேல் படிகிறது. சருகின்மேல் சேறு படிகிறது. அடுத்த பெருமழையில் நீர் கானின் வழியே செல்லாது கரையை மீறி, சரிவில் நேர்கீழாகப் பாய்கிறது. குறுக்காக ஓடியபோது அடங்கியிருந்த நீர் நெடுக்காக ஓடத் தொடங்கியதும் மண்ணை அறுக்கிறது. அறுத்த வாய்க்காலே அடுத்த மழைக்குப் பாதையாகிறது. நிலத்தில் முன்பே வெடிப்பு இருக்குமாயின், நீர் அதனுள் இறங்கி மலையின் பாரத்தைப் பெருக்கி அதன் பிடிமானத்தைக் குறைக்கிறது. கீழேயுள்ள லயத்தின் பின்சுவரில் ஈரம் தோன்றும்போது, மேலே தாளை எறிந்தவர் அதனை மறந்தே போயிருப்பார். ஒரு தாள் மலையைச் சரிக்கும் என்று நாம் மிகைபடக் கூறவில்லை. சரியக் காத்திருக்கும் மலைக்கு நீரைத் தவறான வழியில் அனுப்ப ஒரு தாள் போதும் என்றே கூறுகிறோம். ஐப்பசி மழைக்கு முன்னர் லயத்துக்குப் பின்னுள்ள கானை அவ்வவ் வீட்டார் தூர்வாருவது ஒருநாட் காலைப் பணி. கூலிக்குரிய கான்வெட்டு முகாமையின் கடமையே, அதில் ஐயமில்லை. எனினும் தன் குழந்தை உறங்கும் சுவருக்குப் பின்னே நீர் எங்கே ஓடுகிறது என்று பார்ப்பதற்கு எவருடைய கட்டளையும் வேண்டுவதில்லை.

அடுத்தது மழையை அளப்பது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100ஐ எட்டினால் ஆயத்தம், 150ஐ எட்டினாலோ ஒரு மணி நேரத்துள் 75ஐக் கடந்தாலோ வெளியேற்றம். ஆயினும் மலைநாட்டில் ஒரு மலையில் கொட்டும் மழை அடுத்த மலையில் தூறலாக நிற்பதை நாம் அறிவோம். தொலைவிலுள்ள அளவியைக் கொண்டு விடுக்கப்படும் எச்சரிக்கை, நம் லயத்துக்கு மேலே பெய்ததை அறியாதிருக்கக்கூடும். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள, அடி தட்டையான ஒரு போத்தலின் கழுத்தை அறுத்தெடுத்து, மரக்கிளை மறைக்காத வெளியில் ஒரு கம்பத்தில் கட்டி, பள்ளிக்கூடத்து அடிமட்டத்தால் நாள்தோறும் அளந்து ஒரு பிள்ளையை எழுதிவைக்கச் சொன்னால், அத்தோட்டத்துக்கு ஒரு மழைமானி கிடைத்துவிடும். புதிதாக ஊற்றொன்று கசிவது, பீலியில் விழும் நீர் திடீரெனக் கலங்குவது, கதவு நிலையில் இறுகுவது, மரம் சாய்வது, தரை வெடிப்பது ஆகிய குறிகளை அப்பிள்ளை அறிந்திருக்குமாயின், நள்ளிரவில் எழுப்பவேண்டியவரை எழுப்ப அது போதும். சுற்றாடற் கல்வி என்று பாடநூலில் அச்சிடப்படுவதைவிட இதனை மேலான கல்வியாகவே நாம் கருதுகிறோம்.

குப்பையைப் பற்றி எழுதும்போது எமக்குச் சற்றே சினமும் எழுகிறது. லஞ்ச் ஷீட், மெல்லிய பொலித்தீன் பை, ரெஜிபோம் உணவுப்பெட்டி ஆகியவற்றை 2017 செப்டெம்பரிலேயே அரசு தடைசெய்தது. வெளியிடத்தில் குப்பை எரிப்பதும் அப்போதே தடையாயிற்று. 2023 ஒக்டோபர் 1 முதல் உறிஞ்சுகுழாய், கரண்டி, தட்டு, இடியப்பத் தட்டு என்பவற்றோடு பிளாஸ்டிக் மாலையும் தடைப்பட்டியலில் ஏறியது. சட்டப்புத்தகம் நிறைந்திருக்கிறது, சாலையோரமும் நிறைந்திருக்கிறது. 2017 ஏப்ரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோரைப் புதைத்தபின் இயற்றப்பட்ட அத்தடைகளின் பொருளை, புத்தாண்டுக்குப் புத்தாண்டு நாம் மறந்துவருகிறோம். கண்டி நகரின் குப்பையும் கட்டுகஸ்தோட்டைக்கு அண்மையில் கொஹாகொடையில், மகாவலியின் கரைச்சரிவிலேயே, பல்லாண்டுகளாகக் குவிக்கப்பட்டு வந்திருக்கிறது. அதன் கழிவுநீர் எவ்வாற்றை நாடும் என்று கேட்பதற்குப் புலமை வேண்டுவதில்லை. ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் ஒரு சமூகம் தன் கழிவை அவ்வாற்றின் கரையிலேயே குவித்துவிட்டு, பின்னர் அந்நீரைத் தூய்மையாக்கப் பெரும்பொருள் செலவிடுவதை எந்த வீட்டுத்தலைவியும் குடும்ப நிருவாகம் என்று ஏற்கமாட்டாள்.

வீட்டில் மட்குவதையும் மட்காததையும் பிரித்துவைக்க வேண்டும் என்று நாம் அறிவுறுத்தும்போது, பிரித்ததை எடுத்துச்செல்ல வண்டி வருமா என்று வாசகர் கேட்பது முறையே. இலங்கையின் நகரங்களில் பிரித்தெடுத்தல் இயலாதது என்பார்க்குப் பலாங்கொடை நகரசபையை நினைவூட்டுவோம். நகரத்துக் கழிவைப் பசளையாக்கி விற்று, ஏனைய உள்ளூராட்சி மன்றங்கள் சென்று பார்த்துக் கற்கும் நிலைக்கு அது உயர்ந்தது. வத்தேகமவுக்கும் நகரசபை உண்டு. மரக்கறிச் சந்தையும் மட்கும் கழிவும் உண்டு. பெருநகரங்களுக்கு மலைபோல் எழும் இச்சிக்கல், இத்தகைய சிறுநகருக்கு இன்னும் கைக்கடங்கியதாகவே உள்ளது.

தோட்டத்தின் நிலையோ வேறு. அதனைக் கூறாது தோட்டத் தொழிலாளிக்கு அறம் உரைப்பது இவ்வேட்டுக்கு அழகன்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தனியார் உடைமையான தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாய் நின்றது. அத்தடை 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னரே நீங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, பிரதேச சபைக்கு வாக்களித்தவர்களின் வாசலுக்கு அச்சபையின் குப்பை வண்டி வருவதற்குச் சட்டமே குறுக்கே நின்றதெனில், லயத்துக் குப்பை கானுக்கும் ஓடைக்கும் அடுப்புக்கும் போனதைக் கண்டு வியப்பதற்கு என்ன இருக்கிறது? சுற்றாடலைக் கெடுப்போர் என்று தோட்ட மக்களை நோக்கிச் சுட்டிய விரல்கள், முதலில் அப்பிரிவை நோக்கிச் சுட்டியிருக்கவேண்டும். கடமையைப் பற்றிப் பேசும் எவரும், கடமையைச் செய்யத்தக்க வழியைத் திறந்துவிட்டோமா என்று தம்மைக் கேட்டுக்கொண்ட பின்னரே பேசத் தகுதியுடையவராவர். சட்டம் திருந்திவிட்டது, திருந்திய சட்டம் எத்தனை லயங்களின் வாசலை எட்டியது என்பதே இனி எழவேண்டிய வினா. மேலிருப்போர் கீழிருப்போருக்குப் பட்ட கடன் நிலத்தின் உயரத்துக்கு மட்டும் உரியதன்று. பதவியின் உயரத்துக்கும் உரியது.

வண்டி வரும்வரை கைகட்டி நிற்கவேண்டும் என்பதும் எமது கருத்தன்று. சோற்று மீதியும் மரக்கறித் தோலும் லயத்துப் பின்புறக் குழியில் மட்கினால், எஞ்சுவது ஒரு பையளவே. அந்தப் பையை எரிக்காது உலர்த்தி வைப்பது கடினமன்று. பொலித்தீன் எரியும் புகையை முதலில் உள்வாங்குபவள் அடுப்படியில் இருக்கும் பெண்ணே என்பதை ஆண்கள் சிந்திப்பார்களாக.

மரத்தைப் பற்றிக் கூறுமிடத்து, இம்மண்ணின் பழம்பெரும் அறிவு கிராமத்து வீட்டுத்தோட்டத்தில் இருக்கிறது. மேலே பலாவும் தென்னையும் கித்துளும், இடையே கராம்பும் சாதிக்காயும் கமுகும், கீழே கோப்பியும் வாழையும், மரந்தோறும் ஏறிய மிளகும் எனப் பல அடுக்காய் எழும் அக்கண்டிய வீட்டுத்தோட்டம், வீட்டுக்கு உணவும் சந்தைக்குப் பொருளும் தந்துகொண்டே சரிவின் மண்ணையும் வேரால் பிணித்து நிற்கிறது. மழைத்துளி நேரே நிலத்தில் விழாது, இலைக்கு இலை தங்கி இறங்குகிறது. இதனை எந்தத் திட்டமும் வகுத்துக் கொடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் உருவாக்கின. தோட்டத்தில் பிறந்தோருக்கு இத்தகைய நிலம் வாய்க்கவில்லை என்பதே, நிலவுரிமைக் கோரிக்கையைச் சுற்றாடற் கோரிக்கையாகவும் ஆக்குகிறது. தனதென்று ஏழு பேர்ச்சஸ் நிலமேனும் உடையவன் அதில் பலா நடுவான். நாளை எவர் வெளியேற்றுவரோ என்று அஞ்சுபவன் கீரை விதைப்பதோடு நிற்பான்.

தனியொருவர் தொடங்கிய செயல் நாட்டின் செயலாய் வளர்ந்ததற்கு இந்நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பலாக்கன்று நடும் இயக்கத்தைத் தொடங்கிப் பத்து இலட்சம் மரங்களை இலக்காகக் கொண்டு உழைத்தார். மக்கள் அவரைக் ‘கொஸ் மாமா’, அதாவது பலா மாமா, என்றே அழைத்தனர். அரிசி அரிதான காலங்களில் ஏழைகளின் வயிற்றைக் காத்தது பலாவே என்பதைச் சிங்களவரும் தமிழரும் ஒருங்கே அறிவர். இன்றும் பலாவையும் ஈரப்பலாவையும் வெட்டுவதற்கு அனுமதி பெறவேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஆயினும், வேலியோரத்துப் பலா ஓரிரவில் பலகையாவதைத் தடுப்பது சட்டத்தைவிட அயலாரின் கேள்வியே. ‘ஏன் வெட்டினீர்?’ என்று ஒருவர் கேட்டால் பத்து மரம் தப்பும்.

கோடையில் மானாப்புல் மலைக்குத் தீ வைப்போரிடமும் இக்கேள்வி கேட்கப்படவேண்டும். இளம்புல் முளைக்கட்டும் என்று மாட்டுக்காகவும், சில வேளைகளில் வெறும் விளையாட்டாகவும் வைக்கப்படும் தீ, வேரையும் மேன்மண்ணையும் சுட்டு, அடுத்த மழைக்கு மலையை ஆடையின்றி விடுகிறது. வைத்தவர் எவர் என்பது ஊருக்குத் தெரியாமல் இருப்பதில்லை. தெரிந்தும் பேசாதிருப்பதை நல்லுறவு என்று நாம் பெயரிட்டுக்கொள்கிறோம். நக்கிள்ஸ் காணச் செல்லும் வார இறுதிக் கூட்டம் ஓடைக்கரையில் விட்டுவரும் போத்தல்களைப் பற்றியும் இவ்வாறே கூறலாம்.

கோயில்களிடமும் ஒரு விண்ணப்பம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவைப் போல ஒரு மலையின் மக்கள் அனைவரையும் ஒருங்கே திரட்டவல்ல அமைப்பு வேறெதுவும் இங்கு இல்லை. அவ்விழாவின் அன்னதானம் வாழையிலையிலும், கரகத்துக்கும் வளைவுக்கும் கட்டும் மாலை பூவிலும் அமையுமாயின், சட்டம் பல ஆண்டுகளாய்க் கூவியும் செவியேறாதது ஒரே விழாவில் செவியேறும். பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் தத்தம் விழாக்களில் இதனைச் செய்யத் தடை ஏதும் இருப்பதாக நாம் அறியோம்.

இரண்டு பருவ மழைகளும் நனைக்கும் இம்மலைகளுக்கு ஓய்வு குறைவு. ஆகவே அடுத்த ஐப்பசிக்கு முன்னர் வத்தேகம நகரசபையும், சூழவுள்ள பிரதேச சபைகளும், தோட்ட முகாமைகளும், தோட்டத் தலைவர்களும், கோயில் பரிபாலன சபையினரும், கிராம உத்தியோகத்தரும் ஒரே மேசையில் அமரவேண்டும் என்று கோருகிறோம். அக்கூட்டத்தில் உரைகள் வேண்டா. வரவேற்பு மாலைகளும் வேண்டா, அவை பூமாலைகளாயினும். எந்த லயத்துக்கு மேலே எந்தக் கான் அடைபட்டிருக்கிறது, அதனைத் தூர்வாருபவர் எவர், எந்த வீட்டின் பின்சுவருக்கு மேலுள்ள வெட்டுக்கரைக்குத் தாங்குசுவர் வேண்டும், வெளியேற்ற எச்சரிக்கை வந்தால் எந்தப் பாடசாலையின் திறவுகோல் எவரிடம் உள்ளது, தோட்டத்துக்குக் குப்பை வண்டி எந்தக் கிழமை வரும் என்பன ஒரு தாளில் எழுதப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒருவர் ஒப்பமிடவேண்டும். அத்தாளின் படியொன்று ஒவ்வொரு லயத்தின் சுவரிலும் ஒட்டப்படட்டும்.